புயலுக்குப் பின் உதவச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 மே 2 ஆம் தேதி நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கியது. 12 அடி வரை எழும்பிய கடல்நீர், லபுட்டா, போகலே வட்டாரங்களில் ஊர் ஊராக வழித்துக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறத்தாழ 1,38,000 பேர். பாதிக்கப்பட்டவர்கள் 24 லட்சம் பேர். அன்றைய இராணுவ அரசு வெளிநாட்டு உதவியாளர்களை வாரக்கணக்கில் உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தபோது, யாங்கூனிலிருந்து கிடைத்த வண்டிகளில் அரிசியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள் பிக்குகளும் கடைக்காரர்களும் மாணவர்களுமாகிய சாதாரண மக்கள்தாம். யாங்கூன் தமிழர்களான நாங்களும் அவர்களோடு சென்றோம்.

2023 இல் மோக்கா புயல் ரக்கைன் கரையைத் தாக்கியபோதும், 2024 செப்டம்பரில் யாகி புயலின் மழை நேப்பிடோவைச் சுற்றியுள்ள ஊர்களை மூழ்கடித்தபோதும், புதிதாகத் தொண்டுக்கு வந்த இளைஞர்களிடம் அன்றைய தவறுகளையே மறுபடி கண்டேன். வண்டியின் டயரைச் சோதிக்காமல் கிளம்புவது, காலாவதியான மருந்தைக் கொண்டுபோவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை போன இடத்திலேயே புரிந்துவிடும்.

சாலையோரத்தில் வீசிவிட்டுத் திரும்புதல்

இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நர்கிஸுக்குப் பின் டெடாயே, பியாபோன் செல்லும் சாலைகளின் இருபுறமும் மக்கள் வரிசையாக நின்றார்கள். யாங்கூனிலிருந்து வரும் வண்டிகள் வேகத்தைச் சற்றே குறைக்கும். பின்பக்கம் நிற்பவர்கள் ரொட்டிப் பொட்டலங்களையும் நூடுல்ஸ் பாக்கெட்டுகளையும் வீசுவார்கள். குழந்தைகள் சக்கரத்துக்கு அருகில் ஓடி வருவார்கள். ஓரிடத்தில் அரிசிச் சிப்பம் ஒன்று விழுந்து கிழிந்தது. வண்டி நிற்கவில்லை. நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி குந்தி அமர்ந்து, சேற்றில் கலந்த அரிசியைத் தன் லுங்கியின் முனையில் ஒவ்வொரு பிடியாக அள்ளிக்கொண்டிருந்தாள். முந்தைய வாரம் வரை சொந்த நிலத்தில் நெல் அறுத்த குடும்பத்துப் பெண் அவள் என்பது பேசிய பிறகுதான் தெரிந்தது.

இதில் அவமதிப்பு ஒரு பாதிதான். மற்றொரு பாதி கணக்குப் பிழை. கழிமுகத்தில் மிகக் கடுமையாக அழிந்த ஊர்கள் சாலையோரத்தில் இல்லை. அவை ஆறுகளும் ஓடைகளும் பின்னிக்கிடக்கும் தெற்கில், படகில் மட்டுமே போகக்கூடிய இடங்களில் இருந்தன. அங்கே உயிர் பிழைத்தவர்கள் தேங்காயைத் தின்று, இளநீரைக் குடித்து நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தபோது, சாலையோரத்தில் ஒரே குடும்பத்துக்கு நூடுல்ஸ் மூன்று முறை கிடைத்தது. வலுவுள்ள இளைஞனுக்குப் பொட்டலம் கிடைக்கும். முதியவருக்கும் பிள்ளையைப் பறிகொடுத்து எழ முடியாமல் கிடக்கும் தாய்க்கும் கிடைக்காது. அதைவிடக் கேடு, வண்டி வரும் என்ற நம்பிக்கையில் மக்கள் கூரையைச் சீர்செய்யாமல் சாலைக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

பௌத்த மறைநூல்களுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் புத்தர், நல்லவர் கொடுக்கும் தானத்துக்கு ஐந்து இயல்புகளைக் கூறுகிறார்: நம்பிக்கையோடு, மதிப்போடு, உரிய காலத்தில், தாராள மனத்தோடு, தன்னையும் பிறரையும் புண்படுத்தாமல் கொடுப்பது. அதற்கு முந்தைய உரையில், மதிப்பின்றியும் தன் கையால் அல்லாமலும் எறிந்துவிட வேண்டியதையும் கொடுப்பது தீயவரின் தானம் என்கிறார். பிக்கு ஒருவருக்கு உணவிடும்போது செருப்பைக் கழற்றிக் குனிந்து இரு கையாலும் கொடுக்கிற நாம், வீடிழந்தவருக்கு ஓடும் வண்டியிலிருந்து வீசுவது எந்த வகையில் தகும்?

செய்ய வேண்டியது கடினமன்று. சாலை முடியும் ஊரில் இருக்கும் பௌத்த மடத்துக்கு முதலில் செல்லுங்கள். பல மடங்கள் செங்கல் கட்டடமாகவும் மேட்டிலும் இருப்பதால் மக்கள் தஞ்சம் புகுவது பெரும்பாலும் அங்கேதான்; எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது தலைமைப் பிக்குவுக்குத் தெரியும். வீட்டுவாரியாகப் பெயர்ப் பட்டியல் எழுதி, முதல்நாள் மாலையே டோக்கன் கொடுத்து, மறுநாள் மக்களை நிழலில் உட்கார வைத்து, முதியவர்களை முதலில் அழைத்துக் கையில் கொடுங்கள். படகு வாடகைக்கும் டீசலுக்கும் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்குங்கள். “அரிசிக்குக் கொடுத்த காசைப் படகில் கரைக்கிறார்கள்” என்று நன்கொடையாளர்கள் குறைபடுவார்கள். படகு போகாத ஊருக்கு அரிசியும் போகாது என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

பழைய துணி

துவைத்தது, கிழியாதது, அந்த ஊரார் உடுத்துவது. மற்றவற்றை ஏற்றாதீர்கள்.

குடிநீரைப் புட்டியில் மட்டுமே நினைத்தல்

கழிமுகத்து ஊர்கள் குடித்தது குளத்தில் தேங்கிய மழைநீரை. கடல்நீர் புகுந்து குளங்கள் உப்பாகிவிட்டன. தண்ணீர்ப் புட்டிகள் சில நாட்களில் தீர்ந்துவிடும். பம்புசெட்டும் டீசலும் இருந்தால் உப்புநீரை இறைத்து, அடுத்த மழைக்குக் குளத்தை ஆயத்தப்படுத்தலாம். அதுவரை தார்ப்பாயில் விழும் மழையைப் பிடித்துவைக்கப் பெரிய மண்பானைகள் தேவை.

நிழற்படம்

கொடுக்கும் கையையும் வாங்கும் முகத்தையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

“எல்லாம் முன்வினை” என்று ஆறுதல் கூறுதல்

நல்ல மனமுள்ள இளைஞர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால் வருத்தம் கூடுகிறது. பிள்ளைகளை இழந்த ஒருவரிடம் இது ஆறுதலாகச் சென்று சேராது. நீ செய்த பாவத்துக்குக் கூலி என்றே சேரும். பௌத்தத்தின் பெயரால் இதைச் சொல்வதும் சரியன்று. மனிதர் படும் துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது, பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாற்றம் என எட்டுக் காரணங்களை அடுக்கி, வினைப்பயன் அவற்றுள் ஒன்றுதான் என்று புத்தர் விடையளித்தார். ஆளவி என்ற ஊரில், தொலைந்த மாட்டைத் தேடிக் களைத்து வந்த ஏழை உழவனுக்கு முதலில் சோறு போடச் செய்து, அவன் உண்ட பிறகே அறம் உரைத்தார் என்று தம்மபத உரை கூறுகிறது. எனவே உபதேசத்தை விட்டுவிட்டு அருகில் அமருங்கள். அவர்கள் இறந்தவரின் பெயரைச் சொன்னால் கேளுங்கள். ஏழாம் நாளுக்குப் பிக்குகளை அழைக்க வழியில்லாமல் தவிக்கிறார்களா என்று விசாரியுங்கள். சடலமே கிடைக்காத குடும்பங்களுக்கு அந்தப் புண்ணியச் சடங்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஊர் திரும்பும் நாளை மறத்தல்

தொண்டர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களோடு நின்றுவிடுகிறார்கள். நர்கிஸுக்குப் பின் மே மாதம் முடிவதற்குள்ளாகவே பல முகாம்கள் மூடப்பட்டு, மக்கள் ஒன்றுமில்லாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மழைக்கால நடவும் அப்போதே நெருங்கியது. உழவு எருமைகள் செத்திருந்தன. விதைநெல் உப்புநீரில் ஊறிப் போயிருந்தது. ஆகஸ்டு முடிந்து வந்த விதையால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. காலத்தால் செய்யும் தானங்களைப் பட்டியலிடும்போது, வந்து சேர்ந்தவருக்குக் கொடுப்பதோடு புறப்பட்டுப் போகிறவருக்குக் கொடுப்பதையும் புத்தர் சேர்த்திருக்கிறார். முகாமிலிருந்து புறப்படும் குடும்பத்தின் கையில் ஒரு மாத அரிசி, தார்ப்பாய், கயிறு, ஆணி, அரிவாள், பானை, மீன்வலை ஆகியவை இருக்கின்றனவா என்று பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். விதை வேண்டுவோருக்கு, அவர்களுடைய மண்ணில் எந்த நெல் விளையும் என்பதை அவர்களிடமே கேட்டு, நடவுக்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.