பழைய கிராபிக்ஸ் கார்டு, புதிய லினக்ஸ்: இந்தத் தவறுகள் வேண்டாம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து "இந்தப் பழைய சிஸ்டத்துல லினக்ஸ் போட்டா ஓடுங்களா?" என்ற கேள்வி திருப்பூர் டிசைன் அறைகளிலும் பொள்ளாச்சி, கோபி பக்கத்து வீடுகளிலும் அடிக்கடி காதில் விழுகிறது. தாராளமாக ஓடும். ஆனால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு சிக்கல் வந்ததுமே, நன்றாக இருக்கிற கார்டைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அட்டைப் பெட்டியில் உள்ள பெயரை நம்பி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேடுவதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். என்விடியா ஜிடி 730-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்புகள் விற்றன. 128-பிட் டிடிஆர்3 நினைவகம் உள்ளது ஃபெர்மி, 64-பிட் உள்ளது கெப்ளர். ஃபெர்மிக்கு வேண்டியது 390 வரிசை டிரைவர், அது 2022-உடன் நின்றுபோனது. கெப்ளருக்கு 470 வரிசை, அது 2024 வரை வந்தது. இன்னும் பழைய ஜிஃபோர்ஸ் 210 போன்றவற்றுக்கு 340 வரிசை, 2019-உடன் சரி. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுத்து, விஜிஏ (VGA) என்று வரும் வரியைப் பாருங்கள். சிப்பின் பெயர் ஜிஎஃப் (GF) என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே (GK) என்றால் கெப்ளர். இதைப் பார்க்காமல் எதையும் நிறுவ வேண்டாம்.

அடுத்தது, என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை (.run என்று முடியும் நிறுவல் கோப்பு) இறக்கி நேரடியாக ஓட்டுவது. அன்றைக்கு வேலை செய்யும். அந்த டிரைவர் அப்போதைய கெர்னலுக்கென்றே (லினக்ஸின் உள்மையம்) கட்டப்பட்டது. அப்டேட்டில் புதிய கெர்னல் வந்ததும் திரை கறுத்துவிடும். ஆர்டர் அனுப்ப வேண்டிய நாளில் இப்படி ஆனால் என்ன செய்வது? உங்கள் லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் அந்த டிரைவர் இருந்தால் அங்கிருந்தே நிறுவுங்கள். கெர்னல் மாறும்போது டிகேஎம்எஸ் (DKMS) என்ற கருவி அதை மறுபடி கட்டிக்கொள்ளும். களஞ்சியத்தில் இல்லையென்றால் கெர்னலோடு வரும் திறந்த மூல டிரைவரான நூவோவிலேயே (nouveau) இருந்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஒட்டுகளை (பேட்ச்) போட்டு 340-ஐப் புதிய கெர்னலில் ஏற்றுவது, தினமும் பயன்படும் கம்ப்யூட்டருக்கு வேண்டாத வேலை.

நூவோவில் குறை இல்லாமல் இல்லை. கெப்ளர் கார்டு குறைந்த வேகத்திலேயே தொடங்கும், கேம் ஆட முடியாது. ஆனால் பிரவுசர், லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் அதில் தாராளமாக ஓடும்.

ஏஎம்டி கார்டுக்காரர்கள் பழைய கேட்டலிஸ்ட் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2016-லேயே அதைக் கைவிட்டுவிட்டது. எச்டி 5000, 6000 வரிசைகளுக்குக் கெர்னலில் உள்ள ரேடியான் டிரைவரே போதும், ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) தொகுப்பு மட்டும் இருக்க வேண்டும். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில், 12-ஆம் பதிப்பு முதல் இன்ஸ்டாலரே அதைச் சேர்த்துத் தருகிறது. பழைய டெபியனிலிருந்து அப்கிரேடு செய்தவர்கள் களஞ்சியப் பட்டியலில் ஃபர்ம்வேர் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மிகப் பலர் கவனிப்பதில்லை. நிறுவும்போது திரை வரவில்லை என்று 'நோமோட்செட்' (nomodeset) என்ற பூட் அமைப்பைக் கொடுத்திருப்பார்கள், அப்புறம் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். அது இருக்கும்வரை கார்டின் டிரைவர் ஒழுங்காக இயங்காது, படம் வரையும் வேலை முழுக்கப் பிராசஸர் தலையில்தான். செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று காட்டினால் இதுதான் காரணமாக இருக்கலாம். கிரப் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்) அமைப்புக் கோப்பிலிருந்து நோமோட்செட் என்ற சொல்லை நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

470 டிரைவர் போட்டவர்கள் லாகின் திரையில், திரையை வரையும் புதிய முறையான வேலேண்டை விட்டு பழைய முறையான எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு 25.10-இன் க்னோம் டெஸ்க்டாப்பில் அந்தத் தேர்வே கிடையாது, எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப்புக்குப் போக வேண்டியிருக்கும். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்க விடும் பயாஸ் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால், கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்யாதவரை டிகேஎம்எஸ் கட்டிய என்விடியா டிரைவர் ஏறாது.

எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்ச நேரத்தில் திரை உறைகிறதா? டிரைவரை மாற்றும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள். நிட்டிங், கட்டிங் நடக்கிற இடத்தில் இருந்த கார்டென்றால் ஹீட்சிங்க் இடுக்குகளில் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருக்கும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள்.