தலைக்காயத்துக்குப் பிறகு தேர்வில் கூடுதல் நேரம்: எந்தக் காகிதம், யாரிடம்

"தலையில் அடிபட்டவர்" என்று ஒற்றை வரி எழுதிய டாக்டர் கடிதத்தை நம்பித் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் பிரிவுக்குப் போகாதீர்கள். அடிபட்டது பாதிச் சேதிதான். மூன்று மணி நேரத் தேர்வில் அந்தக் காயம் உங்களை எங்கே தடுக்கிறது என்பதே அவர்களுக்கு வேண்டும்.

முதலில் ஆஸ்பத்திரிக் கோப்பு. உதாரணமாக, டர்பனில் சாட்ஸ்வொர்த் ஆர். கே. கான் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பிறகு ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டு இடத்திலும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், அவசரப் பிரிவுக் குறிப்பு, சி.டி. ஸ்கேன் அறிக்கை மூன்றும் வேண்டும். அடிபட்டபோது எவ்வளவு சுயநினைவு இருந்தது என்பதைக் காட்டும் கிளாஸ்கோ கோமா அளவும் (13 முதல் 15 லேசானது, 9 முதல் 12 நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது), நினைவு தப்பியிருந்த நேரமும் அவற்றில் இருக்கிறதா பாருங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2000-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி (PAIA) படிவம் 2 கொடுங்கள்; 30 நாளில் பதில் தரவேண்டும். தள்ளிப்போடாதீர்கள், கோப்புக்குக் காணாமல் போகவும் தெரியும்.

ஸ்கேன் சுத்தமாக இருந்தால் கலங்க வேண்டாம். சி.டி. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இழுபட்டுச் சேதமான நரம்பிழைகளை பெரும்பாலும் காட்டாது. அந்த இடைவெளியை நிரப்புவது நியூரோ சைக்காலஜிஸ்ட்டின் (மூளையின் செயல்திறனைச் சோதிக்கும் உளவியலாளரின்) சோதனை அறிக்கை. கவனம், நினைவாற்றல், யோசிக்கும் வேகம் ஆகியவற்றைப் பல மணி நேரம் அளப்பார்கள். இதில் ஒரு பொறி உண்டு: காலையில், அமைதியான அறையில், இடைவேளை விட்டு விட்டு எழுதினால் மதிப்பெண் நன்றாகவே வரும். களைப்பேற ஏற என்ன ஆகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மணிக்குத் தலைவலி தொடங்கியது, எத்தனை பக்கத்துக்குமேல் படிக்க முடியவில்லை என்று. அடிபட்டுச் சில வாரங்களிலேயே சோதித்தால் நிலை மாறிக்கொண்டிருப்பதால், மறுபடி சோதிக்கச் சொல்வார்கள்.

செலவு அதிகம்தான். சாலை விபத்தாக இருந்து ஆர்.ஏ.எஃப். (அரசின் சாலை விபத்து நஷ்டஈட்டு நிதி) வழக்கு நடந்தால், இதே சோதனை அறிக்கை உங்கள் வக்கீலிடம் ஏற்கெனவே இருக்கலாம். ஆனால் முழு அறிக்கையையும் கொடுத்துவிடாதீர்கள். குடும்ப விவகாரம், நஷ்டஈட்டுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதியவரிடமே பல்கலைக்கழகத்துக்கென்று இரண்டு பக்கக் கடிதம் வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தில் காயத்தின் தேதி, இன்றைய பாதிப்பு, ஒவ்வொரு பாதிப்புக்கும் ஒரு சலுகை என்று சங்கிலிபோல் இருக்கவேண்டும். "யோசிக்கும் வேகம் குறைவு, ஆகவே மணிக்கு 15 நிமிடம் கூடுதல், இரைச்சலில் கவனம் சிதறும், ஆகவே தனி அறை." வெறுமனே "சலுகை கொடுக்கலாம்" என்றால் எதையும் கொடுக்கமாட்டார்கள். கையெழுத்தின் கீழ் எச்.பி.சி.எஸ்.ஏ. (மருத்துவத் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் மன்றம்) பதிவு எண் வேண்டும்: டாக்டருக்கு எம்.பி., சைக்காலஜிஸ்ட்டுக்கு பி.எஸ். என்று தொடங்கும். மெட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) சலுகை கிடைத்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். அது ஆதரவுதான், ஆதாரம் அல்ல.

தேர்வு வாரத்தில் போய் நிற்காமல் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். கோப்பில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒரு எழுத்து மாறினாலும் போலீஸ் நிலையத்தில் சத்தியக் கடிதம் (அஃபிடவிட்) எழுதி வாங்கிவிடுங்கள். நகல்கள் அசலோடு ஒத்தவை என்று அங்கேயே இலவசமாக முத்திரை போடுவார்கள்; மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை.