அமெரிக்க மால் ஒன்று படுத்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

உடனே உள்ளே போகாதீர்கள். காரிலேயே ஒரு சுற்று வந்து, கடைசி முனைகளில் இருக்கும் பெரிய கடைகளைப் பாருங்கள். புறநகர் மால்களையே சியர்ஸ், ஜேசிபென்னி மாதிரி கடைகளை நம்பித்தான் கட்டினார்கள். சியர்ஸ் 2018-இலும் ஜேசிபென்னி 2020-இலும் திவால் மனு கொடுத்தன. பெயர்ப்பலகையைக் கழற்றிய சுவரில் எழுத்தின் தடம் மட்டும் தெரிகிறதா? சிக்கல்தான். ஏனென்றால் சின்னக் கடைகளின் குத்தகையில் பல நேரம் ஒரு நிபந்தனை இருக்கும்: பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைக்கலாம், சில ஒப்பந்தங்களில் காலி செய்துவிட்டே போகலாம், அதனால் ஒன்று மூடினால் மற்றவையும் வரிசையாகக் கிளம்பும்.

அப்புறம் உள்ளே போங்கள். ஃபுட் கோர்ட்டில் எத்தனை கடைகளில் அடுப்பு எரிகிறது என்று எண்ணுங்கள். நின்றுபோன எஸ்கலேட்டரைச் சரிசெய்யாமல் தடுப்பு வைத்து மறித்திருந்தால் உரிமையாளரே கைகழுவிவிட்டார் (என்னைக் கேட்டால் இதுதான் பெரிய அறிகுறி).

ஆன்லைன் விற்பனை மேலேயே எல்லாப் பழியையும் போடாதீர்கள், தேவைக்கு மேல் மால்களைக் கட்டித் தள்ளியதும் காரணம். ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து பக்கம் 1976-இல் திறந்த ராண்டல் பார்க் மால் 2009-இல் மூடியது. இப்போது அங்கே அமேசான் கிடங்கு. ஆனால் 1956-இல் திறந்த மினசோட்டாவின் சவுத்டேல் மால் இன்னும் ஓடுகிறது.

சரி, அறிகுறிகள் பொருந்தினால், அங்கே மட்டும் செல்லும் கிஃப்ட் கார்டை முதலில் செலவழித்துவிடுங்கள்.