ஆடி மாதத்தில் பழைய விண்டோஸ் 7-க்கு ஒரு நாள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை நின்றுவிடும். கும்பகோணத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே கதைதான். அந்த ஓய்ந்த நாட்களில் ஒரு நாளை எங்கள் பழைய கணினிக்கென்று ஒதுக்கிவிடுவேன். கோர் 2 டுயோ இ7500 சிப், 4 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. 2010இல் வாங்கியது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்தியது. பணம் கட்டிய நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2023 ஜனவரி 10இல் முடிந்துபோயின. எங்கள் கணினி இன்றும் காலை பத்து மணிக்கு எழுந்து ராத்திரி எட்டு வரை உழைக்கிறது.

புதிது வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். வாங்கியும் இருக்கிறேன். ஆனால் பத்திரிகை வேலை பேஜ்மேக்கர் 7-இல் நடக்கிறது. 2001இல் வந்த மென்பொருள் அது. அதோடு சேரும் தமிழ் எழுத்துருத் தொகுப்பு டாங்கிள் என்ற, யூஎஸ்பியில் மாட்டும் சின்ன உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும். அந்த டாங்கிளை விண்டோஸுக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட் விண்டோஸ் 7-உடன் நின்றுவிட்டது. "அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே தம்பிக்கும் வேணும்" என்று பழைய பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தக் கோப்பு திறந்தாக வேண்டும். இதே கணினியில் விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதன் 24எச்2 பதிப்பு எதிர்பார்க்கும் பாப்கவுன்ட் என்ற கட்டளை இந்தச் சிப்பில் கிடையாது. ஏறவே ஏறாது.

அதனால் பழையதை ஓட வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பது. கோப்புகளை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. சில வருடங்களுக்கு முன், தை முகூர்த்த நேரத்தில், கணினி மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் விட்டேன். "அக்கா, பழசெல்லாம் தூக்கிட்டேன், புதுசு போட்டாச்சு, பறக்கும்" என்று கொடுத்தார்கள். விண்டோஸ் 10 பறந்தது. டாங்கிள் எழுந்திருக்கவில்லை. டி டிரைவில் கோப்புகள் இருந்தன. ஆனால் எழுத்துருக்களும், கீபோர்டு அமைப்பும், பிரிண்டர் அமைப்பும் போய்விட்டன. நான்கு குடும்பங்களின் பத்திரிகை பாக்கி. மூன்று ராத்திரி தூங்காமல் எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். அந்த மூன்று ராத்திரி உங்களுக்கு வேண்டாம்.

நான் நகல் எடுப்பது குளோன்ஜில்லாவில். இலவசம், பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். டிஸ்க்கை முழு நகலாக, அதாவது இமேஜாகச் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். சேமித்த இமேஜ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கட்டுமா என அதுவே கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். நேரம் ஆனாலும் பரவாயில்லை. எங்கள் பழைய 160 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 240 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்குக்கு மாற்றியதும் இந்த வழியில்தான். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் குளோன்ஜில்லா தகராறு செய்யும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். பழைய கணினிக்குப் பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் என்றால் அது எஸ்எஸ்டி.

இரண்டாவது, மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல். சிஆர்2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அது தீர்ந்துபோனால் கணினியின் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்த வலைத்தளமும் பாதுகாப்பானது இல்லை என்று பிரவுசர் கத்தும், ஏனென்றால் ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள்.

அப்புறம் அடிப்படைத் திருத்தங்கள். புதிய மென்பொருள் எதுவும் ஏற வேண்டுமானால் விண்டோஸ் 7-இன் பெரிய திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 இருந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பெரிய தொகுப்பு ஒன்று உண்டு: கேபி 3125574 (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களுக்குக் கொடுக்கும் எண்). அதற்கு முன்னால் கேபி 3020369 ஏறியிருக்க வேண்டும்; இல்லையென்றால் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடும். அடுத்து 2019இன் கேபி 4490628, அதன் பிறகு கேபி 4474419. இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இப்போதைய மென்பொருள்களும் டிரைவர்களும் போலி இல்லை என்று காட்ட எஸ்எச்ஏ-2 என்ற முறையில்தான் டிஜிட்டல் கையெழுத்திடப்படுகின்றன. அந்தக் கையெழுத்தைப் படிக்க விண்டோஸ் 7-க்குக் கற்றுக்கொடுப்பவை இவைதான். எல்லாம் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகில் கிடைக்கும். எண்ணைக் கொடுத்துத் தேடி, 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து, வேறொரு கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவருவேன். கோப்புகளை அழிப்பதில்லை, "விண்டோஸ் 7 அடிப்படை" என்று ஒரு ஃபோல்டரில் 1, 2, 3 என வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி மென்பொருள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். எதையும் அதன் புதிய பதிப்பிலேயே போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்றதும் கணினியைக் குறை சொல்கிறார்கள். நான் தேடுவது விண்டோஸ் 7-க்கென வந்த கடைசிப் பதிப்பை. பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆர். 2023 ஜூலையில் வந்த கிளை அது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்காக மொசில்லா அதன் ஆயுளைப் பல முறை நீட்டியது. அதிலும் 115.13 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தையவற்றில் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14இல் காலாவதியானதால், துணைநிரல்கள் செயலிழந்துவிடும். குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-உடன் நின்றுவிட்டது, திருத்தமும் வருவதில்லை. அதை நான் நீக்கிவிட்டேன். வாடிக்கையாளர் அனுப்பும் வேர்டு கோப்புகளைத் திறக்க லிப்ரேஆஃபீஸ் 25.2. அடுத்து வந்த 25.8 விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. படம் திருத்த ஜிம்ப் 2.10, 3.0 வேண்டாம், அதற்கு விண்டோஸ் 10 வேண்டும். ஓடுவதற்கு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தொகுப்பைக் கேட்கும் மென்பொருளுக்கு 4.8 வரை போகலாம், 4.8.1 ஏறாது. விஎல்சி, 7-ஜிப், சுமாத்ரா பிடிஎஃப் மூன்றும் தொந்தரவே கொடுத்ததில்லை.

ஒவ்வொன்றின் நிறுவல் கோப்பையும், இணையத்திலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளும் சின்னக் கோப்பாக இல்லாமல், முழுதாக எடுத்து வையுங்கள். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பழைய பதிப்புகளுக்கான பகுதி இருக்கும். நிறுவியதும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் நிறுத்தக் கூடாது. இஎஸ்ஆர் கிளையில் வருபவை பாதுகாப்புத் திருத்தங்கள்.

பிழைச் செய்தி வந்தால் பயந்து மூடாமல் படியுங்கள். இரண்டே வகைதான் அடிக்கடி வரும். ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) காணவில்லை என்றால் கேபி 2999226 ஏறவில்லை என்று அர்த்தம். ஏற்றிவிட்டால் தீர்ந்தது. கெர்னல்32 டிஎல்எல்லில் என்ட்ரி பாயின்ட் இல்லை என்று வந்தால் விஷயம் வேறு. அந்த மென்பொருள் விண்டோஸ் 8-இலோ 10-இலோ பிறந்த ஒரு வசதியைக் கேட்கிறது. நேரத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும் வசதி ஒன்று அப்படி விண்டோஸ் 8இல்தான் வந்தது. இல்லாததை எங்கிருந்து கொடுக்கும்? ஒரு பதிப்பு பின்னால் போங்கள். டிஎல்எல் கோப்பைத் தனியாக இறக்கித் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். விஎக்ஸ்கெக்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. அந்த இல்லாத வசதிகளுக்குப் பதிலாக நின்று, புதிய மென்பொருள் சிலவற்றை விண்டோஸ் 7இல் ஓட வைக்கிறது. அதைச் செய்தவர்களின் உழைப்பு பெரியது. ஆனாலும் சோறு போடும் கணினியில் நான் அதைப் போடவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு பழைய கணினியில்தான் பார்த்தேன்.

சரி, எங்கள் தொழிலுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இருக்கும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்துகள் அல்லது பிற குறிகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்கள். அப்படியே ஒட்டினால் கேள்விக்குறிதான் வரும். நான் என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடு உரையை ஒட்டி, எந்த எழுத்துருவில் அச்சிடப் போகிறேனோ அந்தக் குறியாக்கத்துக்கு மாற்றி, பிறகு பேஜ்மேக்கரில் ஒட்டுவேன். விண்டோஸ் 7-உடன் வரும் தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் மட்டும் என்பதால், தமிழ்99 விசையமைப்பில் அடிக்க என்எச்எம் ரைட்டரும் போட்டிருக்கிறேன்.

மாற்றியதும் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். முதலாவது "ஸ்ரீ". பத்திரிகையின் உச்சியில் நிற்கும் எழுத்து அது. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுத முடியும்: ஸகரத்தோடு ரீ சேர்த்து ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடு ரீ சேர்த்து இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றும்போது ஒன்று சரியாக வரும், மற்றது உடையலாம். இரண்டாவது ஔகாரம். சிலர் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரம் போட்டு எழுதியிருப்பார்கள். "ஔவை" என்ற பெயரில் இது மாட்டும். மூன்றாவது கொ, கோ, கௌ வரிசை. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்திருந்தால் இடம் மாறிப்போகும். கோவிந்தராஜன், கௌசல்யா, சௌந்தர்யா போன்ற பெயர்களை ஒரு தரம் வாய்விட்டுப் படிப்பேன். பெண்ணின் பெயர் தப்பாக அச்சான பத்திரிகையை அந்த அம்மாவின் கையில் கொடுக்க முடியாது.

அச்சகத்துக்கு அனுப்பும்போது பிடிஎஃபில் எழுத்துருவை உட்பொதிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அவர்கள் திரையில் முகூர்த்த நேரம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சுமாத்ராவில் திறந்து, கோப்பின் விவரப் பக்கத்தில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்துவிட்டே அனுப்புவேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது மாட்டிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், திருத்தம் வந்துவிட்டது, போடாதவர்கள்தான் சிக்கினார்கள். அது நுழைந்த வழி எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் லான்மேன்சர்வர் என்பதன் கீழ் பாராமீட்டர்ஸ் கிளையில், எஸ்எம்பி1 என்ற பெயரில் டிவேர்டு வகைப் பதிவு ஒன்றை உருவாக்கி மதிப்பை 0 ஆக்கி, கணினியை மறுபடி தொடங்கினால் அது மூடிவிடும். பழைய ஜெராக்ஸ் மெஷின் இந்த வழியாகத்தான் ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்புகிறது என்றால் அது நின்றுபோகும். எங்களுக்கு நின்றது. பென்டிரைவில் எடுத்துக்கொள்கிறோம்.

தினசரி வேலைக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு. பிரவுசரில் வாட்ஸ்அப் வெப்பும் மின்னஞ்சலும் மட்டும். வங்கி வேலை, யுபிஐ, ஜிஎஸ்டி எல்லாம் புதுக் கணினியிலும் போனிலும். நெட் கேபிளை வேலை முடிந்ததும் கழற்றிவிடுவேன். வாடிக்கையாளரின் பென்டிரைவை நேரே இதில் செருக விடுவதில்லை. கோப்பின் நீட்சியைக் காட்டும்படி ஃபோல்டர் அமைப்பை மாற்றி வையுங்கள். படம் என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் இஎக்ஸ்இ (ஓடக்கூடிய நிரல்) அப்போதுதான் கண்ணில் படும்.

இத்தனை செய்தும் மதர்போர்டு ஒரு நாள் போகும். அதற்காக, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் டிஸ்க்2விஎச்டி மூலம் ஓடும் நிலையிலேயே முழு டிஸ்க்கையும் ஒரு விஎச்டி (மெய்நிகர் டிஸ்க்) கோப்பாக எடுத்து, புதுக் கணினியில் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன். அதன் அமைப்பில் யூஎஸ்பி 2.0-ஐத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் விண்டோஸ் 7-க்கு யூஎஸ்பி 3.0 டிரைவர் கூடவே வராது. யூஎஸ்பி ஃபில்டரில் டாங்கிளைச் சேர்த்துவிட்டால் உள்ளே இருக்கும் விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் அடாப்டரை அடைத்துவிட்டேன். கோப்புகள் பகிர்ந்த ஃபோல்டர் வழியாக மட்டும் போய்வரும். வன்பொருள் மாறியதால் முதல் தடவை ஆக்டிவேஷன் கேட்கும், சாவி கையில் இருக்கட்டும். எல்லா டாங்கிளும் இப்படி ஒத்துவராது, உங்களுடையதை இப்போதே செருகிப் பாருங்கள்.

இந்த ஆடியிலும் குளோன்ஜில்லா இமேஜைச் சும்மா கிடந்த ஒரு டிஸ்க்கில் இறக்கி, அதை மாட்டிக் கணினியைத் தொடங்கிப் பார்த்தேன். டாங்கிளின் பச்சை விளக்கு எரிந்தது. 2011இல் செய்த ஒரு வளைகாப்பு அழைப்பைத் திறந்தேன், ஒரு கொம்பு கூட விலகாமல் வந்தது. டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வைத்துவிட்டேன்.