சிங்கப்பூர்ல இருந்து சென்னைக்கு வேலைக்கு வரீங்களா? வீடு தேடுறதுக்கு முன்னாடி ஸ்கூல் காலண்டரைப் பாருங்க

கம்பெனில சென்னைக்குப் போறியான்னு கேட்டதும் நான் பண்ணின முதல் வேலை ஆபீஸ் பக்கத்துல வீடு தேடினதுதான், அதான் தப்பு. எனக்கு ஆபீஸ் பத்து நிமிஷம், ஆனா பொண்ணுக்கு ஸ்கூல் ஊருக்கு அந்தப் பக்கம், காலைல 6:40க்கு வேன் அண்ணா கீழ வந்து ஹாரன் அடிப்பாரு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தா ஷூ கூட கழட்டாம சோபால சாஞ்சு தூங்கிடுவா. பீச், பார்க் எல்லாம் வாட்ஸ்அப்ல பிளான் போட்டதோட சரி. அதனால முதல்ல ஸ்கூல், அது பக்கத்துல வீடு, அப்புறம்தான் ஆபீஸ். நீங்க டிராபிக்ல நின்னா பாட்டு கேட்டுக்கலாம், எட்டு வயசுப் புள்ளைக்கு அது முடியாது.

ஸ்கூல் தேடும்போது எல்லாரும் பீஸ், போர்டு, ரிசல்ட்னு கேப்பாங்க, நீங்க கூடவே வருஷ காலண்டர் ஒண்ணு கேட்டு வாங்குங்க. ஸ்டேட் போர்டு பொதுவா ஜூன்ல ஆரம்பிக்கும், சிபிஎஸ்இ ஏப்ரல்லயே புது கிளாஸ் ஆரம்பிச்சுட்டு மே மாசம் லீவு விட்டுட்டு திரும்ப ஜூன்ல கூப்பிடுவாங்க, ஐபி, கேம்பிரிட்ஜ்னு வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்துற இன்டர்நேஷனல் ஸ்கூல் நிறைய ஆகஸ்ட்ல ஆரம்பிக்கும். இதுல என்ன இருக்குன்னு கேக்கலாம். சிங்கப்பூர்ல பெரிய லீவு ஜூன்லயும் நவம்பர் கடைசி டிசம்பர்லயும், இங்க மே மாசம், அப்ப நீங்க மே மாசம் டிக்கெட் போட்டுட்டு ஊருக்குப் போனா அங்க அண்ணன் புள்ளைங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்கும், உங்க புள்ள தாத்தாவோட டிவி பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். எங்களுக்கு நடந்ததே அதான். இன்டர்நேஷனல் காலண்டர்னா ஜூன் ஒத்துப்போகும், ஆனா பீஸ் வேற லெவல், கம்பெனி குடுத்தா மட்டும் யோசிங்க.

கிளாஸ் விஷயத்துல ஒரு குழப்பம் கட்டாயம் வரும். சிங்கப்பூர்ல ஏழு வயசு ஆகுற வருஷம்தான் பிரைமரி ஒண்ணு, இங்க அஞ்சரை ஆறு வயசுலயே ஒண்ணாவது உக்கார வச்சிடுறாங்க, அதனால பிரைமரி 3 படிக்கிற புள்ளைய வயசைப் பார்த்து நாலாவதுல போடலாமேன்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க. கௌரவம் பார்க்காம மூணாவதே கேளுங்க. எழுத்து வேலை இங்க ரொம்ப அதிகம், நோட்டு நோட்டா எழுதணும், அதுக்கு கை பழகவே ஒரு டேர்ம் ஆகும். பெரிய புள்ளைங்கன்னா இன்னும் கவனம், சிபிஎஸ்இல 9லயும் 11லயும் போர்டுல பேரைப் பதிவு பண்ணிடுவாங்க, அதனால நடுவுல வந்து 10, 12ல சேர்றது பெரும்பாடு. பையனுக்கு 13 ஆச்சுன்னா என்எஸ் (சிங்கப்பூர் கட்டாய ராணுவச் சேவை) எக்ஸிட் பர்மிட்டையும் மறந்துடாதீங்க, மூணு மாசம் இல்ல அதுக்கு மேல வெளியூர்ல இருக்கப் போறான்னா அது வேணும்.

பேப்பர் வேலை: 180 நாளுக்கு மேல விசா இருந்தா வந்து 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓல, அதாவது வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீஸ்ல, பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே முடிஞ்சிடும், ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்தியா குடுக்குற கார்டு) இருந்தா அது வேண்டாம். ஸ்கூல்ல டிசி, டிசின்னு (மாற்றுச் சான்றிதழ்) கேட்டுட்டே இருப்பாங்க. சிங்கப்பூர்ல எல்லா ஸ்கூல்லயும் அந்தப் பேர்ல தரமாட்டாங்க, பழைய ஸ்கூல்ல எந்தத் தேதி வரைக்கும் எந்தக் கிளாஸ் படிச்சான்னு லெட்டர்ஹெட்ல சீல் போட்டு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க. சீல் முக்கியம், சீல் இல்லாத பேப்பர் இங்க பேப்பரே இல்ல.

தமிழ் பத்தி நாங்க பயப்படவே இல்ல, பொண்ணு சிங்கப்பூர்லயே தாய்மொழிப் பாடமா தமிழ் படிச்சவதானேன்னு. 2006ல வந்த சட்டத்தால தமிழ்நாட்டு ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் தமிழ் ஒரு பாடமா இருக்கும், நல்லதுதான்னு நெனச்சோம். முதல் வாரமே ஆட்டோல ஏறி "அண்ணா, இங்கு நிறுத்துங்கள்"னு இவ சொல்ல, ஆட்டோக்காரர் வண்டிய ஓரம் கட்டிட்டு திரும்பி என்னைப் பார்த்து "பாப்பா நியூஸ் வாசிக்குதா சார்"னு கேட்டாரு. பேச்சு ரெண்டு மாசத்துல சரியாயிடும், மனப்பாடச் செய்யுள்தான் அடி வாங்கும். சீர் பிரிச்சு, சொல் மாறாம, அடி மாறாம எழுதணும். டியூஷன் வைக்காதீங்க, டியூஷன்ல போட்டா சாயங்காலமே போச்சு, வேன்ல போகும்போது கூட வர்ற புள்ளைங்களோட சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க, எங்க வீட்ல அதுதான் எடுபட்டுச்சு.

இப்ப லீவு நாள். சனிக்கிழமை பாதி ஸ்கூல் வைக்குற இடங்களும் இருக்கு, அட்மிஷன் அன்னைக்கே கேட்டுக்கோங்க. ஃப்ரீயா கிடைச்ச சனிக்கிழமைக்கு என் ஓட்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010ல திறந்தது, புள்ளைங்களுக்குன்னு தனி பகுதி இருக்கு, ஏசி வேற. வண்டலூர் ஜூ செவ்வாய்க்கிழமை லீவு, அது தெரியாம ஒரு தடவை கேட் வரைக்கும் போய் வந்தோம். ஜனவரில நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல புத்தகக் கண்காட்சி வந்தா பொங்கல் லீவுல ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்க. மெரினால கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது, அலை உள்ள இழுக்கும், இதுல மட்டும் புள்ளைங்க அழுதாலும் இரக்கம் காட்டாதீங்க.

மகாபலிபுரம் போறவங்க பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க. கவுன்ட்டர்ல நான் தமிழ்ல கேட்டதால இந்தியர்களுக்கான 40 ரூபா டிக்கெட்டை ரெண்டு கிழிச்சுக் குடுத்துட்டாரு, வாசல்ல இருந்தவர் ஐடி கேட்டாரு, நான் சிவப்பு சிங்கப்பூர் பாஸ்போர்ட்டை நீட்ட, அவரு டிக்கெட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி டிக்கெட்டைப் பார்த்தாரு. திரும்பப் போய் வெளிநாட்டுக்காரங்களுக்கான 600 ரூபா டிக்கெட் எடுத்தேன். என் பொண்டாட்டிக்கு ஓசிஐ இருக்கு, அவ 40 ரூபாயிலயே சிரிச்சுட்டு உள்ள போயிட்டா. 15 வயசுக்குக் கீழ இலவசம். சார்க், பிம்ஸ்டெக்னு இந்தியாவோட அக்கம்பக்கத்து நாடுகள் கூட்டமைப்புல இருக்குற நாட்டுக்காரங்களுக்கும் 40தான், அதனால இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்குற என் ஆபீஸ் பிரெண்டு இதைச் சொல்லியே ஒரு மாசம் ஓட்டுனான்.

மே மாசம் ஊட்டி, கொடைக்கானல் போகணும்னா வண்டிக்கு இ-பாஸ் வேணும், 2024 மே 7ல இருந்து கோர்ட் உத்தரவு. மேட்டுப்பாளையத்துல காலைல 7:10க்கு கிளம்புற மலை ரயில் 46 கிலோமீட்டர், புள்ளைங்களுக்கு அதுதான் ட்ரிப்பே, ஆனா 60 நாள் முன்னாடி புக்கிங் திறந்த அன்னைக்கே உக்காந்தாதான் சீட்டு. அப்புறம் தட்கல்ல பாத்துக்கலாம்னு விடாதீங்க, 2025 ஜூலைல இருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் வேணும், நம்ம மாதிரி வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க இங்க 182 நாள் இருந்த பிறகுதான் ஆதாருக்கே அப்ளை பண்ண முடியும். சின்ன ஹோம்ஸ்டே சிலதுல வெளிநாட்டு பாஸ்போர்ட்னதும் ரூம் இல்லம்பாங்க, கோபப்படாதீங்க, நீங்க தங்குனா அவங்க உங்க விவரத்தை ஃபார்ம் போட்டு அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும், அந்தத் தலைவலி வேண்டாம்னுதான். புக் பண்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுடுங்க.

கடைசியா மழை லீவு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ராத்திரி நல்லா அடிச்சு ஊத்துச்சுன்னா காலைல ஆறு மணிக்கே புள்ளைங்க டிவி முன்னாடி உக்காந்து கலெக்டர் லீவு விட்டாரா இல்லையான்னு ஓடுற ஸ்க்ரோலைப் பார்த்துட்டு இருக்கும், சென்னைன்னு பேர் வந்தா வீடே அதிரும். உங்களுக்கு ஆபீஸ் லீவு கிடையாது, அதனால பக்கத்து வீட்டு அக்காகிட்ட இப்பவே பழகி வச்சுக்கோங்க. விட்ட லீவை ஏதோ ஒரு சனிக்கிழமைல திருப்பி வாங்கிடுவாங்க, அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மெசேஜ் வரும், அதனால மழை மாசங்கள்ல சனிக்கிழமைக்கு கேன்சல் பண்ண முடியாத ரூம் எதையும் புக் பண்ணாதீங்க.