மறதி நோய் உள்ளவரை முதியோர் இல்லத்திலிருந்து காரில் அழைத்துச் செல்வது எப்படி

மறதி நோய் உள்ள ஒருவரை மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போகும்போது தகராறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வரும்: கார்க் கதவருகே, காத்திருக்கும் இடத்தில். ஏற்பாடுகளை அந்த இரண்டுக்கும் செய்யுங்கள்.

காலை நேரமே நல்லது. பலருக்கு மாலை நான்கு மணிக்கு மேல் குழப்பமும் பதற்றமும் கூடும். அதற்குள் இல்லம் திரும்பிவிட வேண்டும். ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் கட்டாயம் உடன் வர வேண்டும், அதுவும் நோயாளிக்குப் பழகிய முகமாக. வெளியே போவதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவைத்தால் இரவெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருப்பார். செருப்பு மாட்டும் நேரத்தில் சொன்னால் போதும்.

கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அன்று மட்டும் திரும்பி வந்தபின் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாந்தி வருமே என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். புரோமெதசின் போன்றவை மறதி நோயாளியின் குழப்பத்தை மேலும் கூட்டும், தள்ளாட வைக்கும்.

இனி ஏற்றுவது. உட்காரும் இடம் அவருடைய முழங்கால் உயரத்துக்கு இருக்கும் கார் வேண்டும். தாழ்ந்த காரில் எழ முடியாது, உயர்ந்ததில் ஏற முடியாது. வாசற்படியை ஒட்டி நிறுத்தாமல், சமதரையில் ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அவர் பின்இருக்கையில் உட்காருவதால், முன் இருக்கையை முழுதாக முன்னால் நகர்த்துங்கள். காருக்குள் கறுப்பு மிதியடி இருந்தால் அதன்மேல் வெளிர்நிறத் துண்டு விரியுங்கள். கறுப்புத் தரை அவர் கண்ணுக்குக் குழிபோலத் தெரியும். காலை உள்ளே வைக்க மறுப்பதற்குப் பல சமயம் அதுதான் காரணம், பிடிவாதம் இல்லை.

காரைப் பார்த்தபடி ஏற்றாதீர்கள். முதுகு இருக்கைப் பக்கம் இருக்கும்படி திருப்பி, காலின் பின்புறம் இருக்கையில் படும்வரை பின்னால் வரச் சொல்லுங்கள். கதவு ஆடும், அதைப் பிடிக்க விடாதீர்கள். உட்காரும்போது உங்கள் கை அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவே இருக்கட்டும். உட்கார்ந்தபின் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே சொல்: “உட்காருங்க”. பிறகு, “கால எடுங்க”. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பேசினால் அவர் நின்றுவிடுவார். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது தோள்பட்டையைக் கெடுக்கும்.

பின்இருக்கையின் இடப்பக்கம் அவர், பக்கத்தில் நீங்கள். கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக்கைப் போட்டு, கதவு உள்ளிருந்து திறக்காமல் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே இருந்தால் கையில் துண்டோ ஜபமாலையோ கொடுங்கள். துணியால் கட்டிவைக்கக் கூடாது. “வீட்டுக்குப் போகணும்” என்றால் வாதாடாமல், “வீட்டு ஞாபகம் வந்துடுச்சாப்பா, யாரெல்லாம் இருப்பாங்க?” என்று பேச்சுக் கொடுங்கள். கதவைத் தட்டத் தொடங்கினால் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் காரில் சமாதானம் செய்ய முடியாது. ஆட்டோவுக்குக் கதவு இல்லை. இறங்கப் பார்ப்பவருக்கு அது வேண்டாம்.

சக்கர நாற்காலி என்றால் இரண்டு பிரேக்கும் போட்டு, கால்தட்டை மடக்கியபின் எழுப்புங்கள். 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் சரிவுப் பலகை வேண்டும். இறக்கும்போது நாற்காலி பின்பக்கமாக இறங்கட்டும்.

மருத்துவமனையில் ஒருவர் டோக்கன் வாங்கி வரும்வரை அவரோடு இன்னொருவர் ஏசி போட்ட காரிலேயே இருக்கலாம். தனியாக ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். இல்லத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அன்றைய உடையில் ஒரு படம் உங்கள் போனில் இருக்கட்டும். காணாமல் போனால் அருகில் தேடத் தொடங்கும்போதே 112-ஐ அழையுங்கள்.

திரும்பியதும் தண்ணீர், கழிப்பறை, ஓய்வு. மறுநாளும் வழக்கத்தை மீறிய குழப்பமோ தூக்கமோ இருந்தால் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றிப்போதல், கவனிக்காமல் போன அடி என எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.