இன்டீரியர் ஸ்டுடியோ ஆசிரியருக்கு விருதுப் பரிந்துரை எழுதுவது எப்படி

எங்களுக்கு இன்டீரியர் ஸ்டுடியோ, அதாவது வீட்டின் உள்ளமைப்பை வடிவமைத்து வரைந்து பழகும் வகுப்பு, எடுத்த மேடத்தைச் சிறந்த ஆசிரியர் விருதுக்குப் பரிந்துரைத்துப் பழைய மாணவர்கள் நாங்கள் சேர்ந்து கடிதம் எழுதினோம். அதை வைத்துச் சொல்கிறேன். ‘அர்ப்பணிப்பு’, ‘அயராத உழைப்பு’ எல்லாவற்றையும் முதலில் அடித்துவிடுங்கள். விருதுக் குழுவுக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் அவை இருக்கும்.

ஆசிரியர் செய்த ஒரு காரியம், அதனால் மாணவர் இன்று செய்யும் ஒரு காரியம். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் போதும். உதாரணமாக, சமையல் மேடை என்றால் 850 மி.மீ. உயரம் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். மேடம் விடமாட்டார். வீட்டில் சமைப்பவரின் முழங்கை உயரத்தை அளந்து வா, அதற்கு 100 முதல் 150 மி.மீ. கீழே மேடையை வை என்பார். அம்மா தோளைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் காய் நறுக்குகிறார் என்பது டேப்போடு பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் கிளையண்ட் வீட்டில் முதலில் முழங்கையைத்தான் அளக்கிறேன், ஆசாரி சிரித்தாலும். என் கடிதத்தில் இதைத்தான் எழுதினேன்.

வாட்ஸ்அப் குழுவில் ‘மேடத்தைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டால் இதயக்குறிதான் வரும். ‘மேடம் சொல்லிக்கொடுத்ததில் எதை இன்னும் சைட்டில் செய்கிறாய்?’ என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். வரைந்ததை மதிப்பிடும் ஜூரியில் திட்டு வாங்கியவர்களை விட்டுவிடாதீர்கள். தங்கப்பதக்கம் வாங்கியவர் புகழ்வதைவிட, தட்டுத்தடுமாறித் தேறியவர் எழுதும் அரைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் ஆதாரம். மேடம் நாங்கள் வரைந்த ஷீட்டில் கை வைத்ததே இல்லை. மேலே, அடியில் உள்ள கோடு தெரியும் மெல்லிய பட்டர் பேப்பர் விரித்து அதில்தான் திருத்துவார். அப்படி யாரிடமாவது இருந்தால் ஷீட்டைத் தனியாகவும், பட்டர் பேப்பரோடு சேர்த்தும் படமெடுத்து அடுத்தடுத்து வையுங்கள். பழைய தாள் ஸ்கேனரில் கிழியும், பகல் வெளிச்சத்தில் போன் கேமராவே போதும்.

தேசிய ஆசிரியர் விருது 2023 முதல் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் உண்டு. செப்டம்பர் 5 அன்று தருகிறார்கள். தகுதி விதிகளை அந்த ஆண்டு அறிவிப்பிலேயே பாருங்கள். எந்த விருதானாலும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய பணி விவரமும் சம்மதமும் தேவைப்படும்.

விருது வராவிட்டாலும் சேர்த்த தாள்களை வீணாக்காதீர்கள். ஸ்டுடியோ வராந்தாவில் மாட்டலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 1500 மி.மீ. உயரத்தில் வரட்டும். கோணலாக மாட்டினால் மேடமே வந்து கழற்றுவார்.